நான் மழுக்கிய கூர்கள்

கூர் தீட்டும் தொழிலில் நாங்கள் விடுகிற பிழை எங்கள் கடையில் தங்குவதில்லை. அது வாடிக்கையாளரோடு அவர் வீட்டுக்குப் போய், அங்கே வேலை தொடங்கும் நேரம் பார்த்துத்தான் வெளியே வரும்.

அடுத்தவருடைய பொருளைக் கையில் வாங்கி, "வெச்சிட்டுப் போங்க, நான் பாக்கன்" என்று தைரியம் சொல்லிவிட்டு, பிறகு அதைத் திருப்பிக் கொடுக்க முகமில்லாமல் நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். தையல்காரர்கள், மணிக்கூடு திருத்துகிறவர்கள், போன் கழற்றிப் பூட்டுகிறவர்கள் எல்லாரும் என் ஆட்கள்தான். மற்றவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். நீங்கள் சிரித்துவிட்டு, கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டிருப்பீர்கள்.

கல்முனைக்குடியில் கடற்கரைக்குப் போகிற ரோட்டில், பொஞ்சாதியின் வீட்டு வளவுக்கு முன்னால் என் கடை இருக்கிறது. கடை என்றால் நாலு தகரம், ஒரு மேசை, இரண்டு சாணைக் கல்லுப் பூட்டிய கிரைண்டர். அதற்கு முதல் ஏழு வருடம் கத்தாரில் தண்ணி ஏற்றுகிற பவுசர் லொறி ஓட்டினேன். பவுசர் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் ஓர் இரும்புப் பட்டறை இருந்தது. வெயிலுக்கு ஒதுங்கி நின்று அங்கே தீப்பொறி பறப்பதைப் பார்த்திருக்கிறேன். ஊருக்கு வந்தபோது, "கத்தார்ல என்ன வேல?" என்று கேட்டவர்களிடம், "பட்டறையில" என்றேன். பட்டறையில் நின்றது உண்மைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடைப் போர்டிலும் 'சகலவிதமான வெட்டுக் கருவிகளும் கூர் தீட்டித் தரப்படும்' என்று எழுதுவித்தேன். அந்த 'சகலவிதமான' என்ற ஒரு சொல்லால் நான் பட்ட வெட்கங்களில் சில இவை.

மாப்பிள்ளையின் கண்ணீர்

கடை திறந்த இரண்டாம் கிழமை, பிரதான வீதியில் சலூன் வைத்திருக்கிற தம்பி ஒருவர் இரண்டு கத்தரிக்கோல் கொண்டுவந்தார். மெல்லிய, நீளமான, பளபளவென்ற சாமான். அதைக் கையில் எடுத்ததுமே, இது நம்ம கல்லுக்கு உரிய பொருள் இல்லை என்று உள்ளுக்குள் ஒன்று சொன்னது. ஆனால் வாய் வேறு கதைத்தது. "இதென்ன, அஞ்சு நிமிசத்து வேல" என்றேன். உண்மையிலேயே அஞ்சு நிமிசத்தில் முடித்தும் விட்டேன். கடதாசியில் வெட்டிப் பார்த்தேன், வெட்டியது. தம்பியும் சந்தோசமாகக் கொண்டுபோனார்.

அன்று பின்னேரம் சலூனில் ஒரு கலியாண மாப்பிள்ளை தலையைக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். சுற்றிவர மச்சான்மார். கத்தரிக்கோலின் வாயில் நான் விட்டிருந்த பிசிறு ஒவ்வொரு மயிரையும் பிடித்து இழுத்திருக்கிறது. மாப்பிள்ளை வெட்கத்தில் வாயைத் திறக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாராம். மறுநாள் காலையில் சலூன்காரத் தம்பி வந்து, சத்தம் போடாமல், கத்தரிக்கோல் இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு, எங்கள் ஊரில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டுச் சொன்னார்: "காக்கா, இது மயிர வெட்டுதில்ல, கடிக்கிது. மாப்பிள்ளைட கண்ணால தண்ணி ஓடிட்டு. வந்த ஆக்கள் நினைக்காங்க, அவருக்கு இந்தக் கலியாணத்தில விருப்பமில்ல எண்டு."

மாமியின் திருவலை

வெளி ஆட்களின் பொருளை மட்டும் கெடுத்தேன் என்று நினைக்க வேண்டாம். வேலை இல்லாத ஒரு காலையில், நல்ல பெயர் எடுப்பம் என்று, குசினியில் இருந்த தேங்காய்த் திருவலையை நானாகவே தூக்கிக்கொண்டு வந்தேன். அதன் பல் ஒவ்வொன்றையும் கூராக்கத்தான் நினைத்தேன். கல்லில் ஒரு பக்கம் கூடிவிட்டது, அதைச் சரிசெய்ய மற்றப் பக்கம் பிடித்தேன், அது கூடிவிட்டது. கடைசியில் பல் ஒன்றும் இல்லை. கரண்டி மாதிரி வழுவழுவென்று வந்து நின்றது. எங்கள் மாமி, பொஞ்சாதியின் உம்மா, என்னோடு நேரே கதைப்பதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வது போல எனக்குச் சொல்வார். அன்று திருவலையைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்துவிட்டு மெல்ல நழுவினேன். கொஞ்ச நேரத்தில் கதவுக்குப் பின்னால் குரல் கேட்டது: "புள்ள, இண்டைக்கு உங்கட ஊட்டுக்காரருக்குத் தேங்காயச் சொட்டாவே வெட்டிக் கொடு, சோத்தோட கடிச்சித் திங்கட்டும்."

போனில் வந்த படம்

இந்த இரண்டும் சிரித்துக் கடக்கக்கூடியவை. இனிச் சொல்லப்போவது அப்படியில்லை.

வரிப்பத்தான்சேனையில் ஜௌபர் என்றொருவர். வயல் ஓரங்களில் யானை வேலிக்குக் கட்டை நடுவதுதான் அவருடைய தொழில். அலவாங்கு என்கிற இரும்புக் கடப்பாறையால் குத்திக் குத்தி, கையால் மண்ணை அள்ளி, ஒரு நாளைக்கு இருபது குழி தோண்டுவார். நாற்பது வயதிலேயே நடு முதுகில் கை வைத்துக்கொண்டுதான் எழும்புவார். அலவாங்கின் முனையைத் தீட்ட என்னிடம் வருவார். அலவாங்கைக் கெடுப்பது என்னாலும் முடியாத காரியம் என்றபடியால் அவருக்கு என்மேல் நல்ல நம்பிக்கை.

ஒருநாள் போனில் ஒரு படத்தைக் காட்டினார். சாய்ந்தமருதில், ஜப்பானிலிருந்து கொள்கலனில் வருகிற பழைய சாமான் விற்கிற ஒரு கடை. அங்கே சிவப்பு நிற எஞ்சின் ஒன்று. அதற்குக் கீழே நீளமான திருகு, திருகின் அடியில் இரண்டு பிளேட். "காக்கா, இது குழி தோண்டுற மிசின்தானே? கடைக்காரருக்கும் சரியாத் தெரியாதாம். நீங்க பட்டறையில நிண்ட ஆள்" என்றார். எனக்கும் தெரியாது. அந்தச் சாமானை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. 'தெரியாது' என்று சொல்ல ஒரு வினாடி போதும். நானோ போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, "ஓம், குழி மிசின்தான். கத்தார்ல நாங்க இதாலதான் கம்பம் நட்டம். நல்ல சாமான், உடாதீங்க" என்றேன்.

அந்தக் கிழமையே அவர் வீட்டில் நின்ற நாகு கன்றை விற்று அந்த மிசினை வாங்கினார். வாங்கிய கையோடு அதை மோட்டச்சைக்கிளில் கட்டிக்கொண்டு, எனக்குக் காட்டவென்றே வந்தார். போகும்போது என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னது: "முதுகு நோவுக்கு மருந்து சொன்ன மாதிரி சொன்னீங்க காக்கா, அல்லா உங்களுக்கு பறக்கத் செய்யட்டும்."

மண்ணின் பிழை

மூன்றாம் நாள் ஜௌபர் இரண்டு பிளேட்டையும் கழற்றிக்கொண்டு வந்தார். மூன்று குழியோடு மழுங்கிவிட்டதாம். தீட்டிக் கொடுத்தேன். இரண்டு நாளில் திரும்ப வந்தார், நாலு குழியாம். "பெற்றோல் கலவை பிழை" என்றேன். அடுத்த முறை, "நீங்க அமத்திப் பிடிக்கிறீங்க" என்றேன். அதற்கடுத்த முறை, "உங்கட ஊர்ல கிறவல் மண், எல்லாம் கல்லு, அதுதான்" என்றேன். ஒவ்வொரு முறையும் கல்லில் வைத்து அழுத்தினேன். பிளேட் சூடேறி நீலம் பாய்ந்தது. நீலம் பாய்ந்த இரும்பில் உரம் போய்விடும் என்பது இப்போது தெரியும். அப்போது அந்த நீலம் எனக்கு வடிவாகத் தெரிந்தது.

ஐந்தாம் முறை வந்தபோது பிளேட் பாதி அகலத்துக்குத் தேய்ந்திருந்தது. இதற்கிடையில் அவர் ஒரு நீளமான வேலிக்கு நாள் குறித்து வாக்குக் கொடுத்து, அது முடியாமல், அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டதாம். அதையும் அவர் குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகத்தான் சொன்னார். நான் மறுபடி மண்ணைக் குறை சொன்னேன். அவர் கிண்டல் ஏதும் இல்லாமல், உண்மையாகவே யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப காக்கா, எங்கட ஊர் மண்ணையும் ஒருக்கா உங்களுக்கிட்டக் கொண்டந்து தீட்டணுமோ?"

கொரியாக்காரர்

பாயிஸ் என்பவர் எங்கள் தெருவில் மீன் வெட்டிக் கொடுக்கிறவர். சில வருடம் கொரியாவில் மீன் பெக்டரியில் வேலை செய்துவிட்டு வந்தவர் என்பதால் கொரியாக்காரர் என்றுதான் பெயர். அவர் ஒரு காலையில் கத்தி தீட்ட வந்த நேரம், ஜௌபரும் மிசினையே முழுதாகத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார். பாயிஸ் அதைச் சுற்றிவந்து பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது எப்பிடி இஞ்ச வந்த? இது ஐஸ் துளைக்கிற சாமானல்லோ" என்றார். குளிர் காலத்தில் அங்கே குளமெல்லாம் மேலே உறைந்து பாறை மாதிரி ஆகிவிடுமாம். ஆட்கள் அதன்மேல் நடந்துபோய், இந்த மிசினால் ஓட்டை போட்டு, அந்த ஓட்டைக்குள் தூண்டிலை விட்டுவிட்டு, சின்னக் கதிரை போட்டுக் குந்தியிருந்து மீன் பிடிப்பார்களாம். ஜப்பானிலும் அப்படித்தானாம். "ஐஸ் வெட்டுற பிளேட் மண்ணத் தொட்டா, அந்த நிமிசமே முடிஞ்சி" என்றார். நான், "ஓம் ஓம், அதுவும் செய்யலாம்" என்று எதையோ முணுமுணுத்தேன். கிரைண்டரைப் போட்டுவிட்டால் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று சுவிட்சைத் தேடினேன், கரண்ட் இல்லை.

ஜௌபர் பிளேட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "காக்கா, நீங்க கத்தார்ல ஐஸிலயா கம்பம் நட்டீங்க?"

வெள்ளிக்கிழமைத் தேத்தண்ணி

அவர் மிசினையும் பிளேட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏசியிருந்தால் நானும் ஏதாவது ஏசிச் சமாளித்திருப்பேன். அந்தக் கேள்விதான் என்னைக் கடையில் இருக்க விடவில்லை. கத்தி தீட்டும்போதும் கேட்டது. சோற்றுக்கு முன்னால் குந்தும்போதும் கேட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு வரிப்பத்தான்சேனைக்குப் போனேன். போகும் வழியெல்லாம், வீட்டில் ஆள் இருக்கக்கூடாது என்று மனது வேண்டிக்கொண்டே வந்தது.

ஆள் இருந்தார். வளவுக்குள் கன்று கட்டியிருந்த கட்டையும் கயிறும் அப்படியே இருந்தன. அதைப் பார்க்காமல் இருக்க முடியாத மாதிரி ஒரு கதிரையில்தான் என்னை இருக்க வைத்தார்கள். தேத்தண்ணி வந்தது. குடிக்க முதல் சொல்லிவிட வேண்டும் என்று, ஒரே மூச்சில் சொன்னேன்: "தம்பி, நான் பட்டறையில வேல செய்யல்ல. பவுசர் ஓட்டின. இந்த மிசின நான் கண்டதுமில்ல. சும்மா சொன்னன். என்ட பொய்யாலதான் உங்கட கண்டுக்குட்டி போச்சி." ஜௌபர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னத்துக்கு காக்கா பொய் சொன்ன?" என்று மட்டும் கேட்டார். "வெக்கத்தில" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. சொன்ன எனக்கும் அது விளங்கவில்லை.

உள்ளே நின்ற அவருடைய பொஞ்சாதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கன்றை வளர்த்தது அவர்தான் என்று பிறகு அறிந்தேன். கோபத்தோடு ஏதோ வரப்போகிறது என்று நான் கோப்பையை இறுக்கிப் பிடித்தேன். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதவடிக்கு வந்து, புருசனைப் பார்த்துச் சொன்னார்: "அழுது என்ன செய்ய? ஐஸிக்குச் செஞ்ச சாமான் எண்டா ஐஸ் இரிக்கிற இடத்துக்குக் கொண்டுபோங்க. இவரிட ஊர் மீன் வாடியில ஐஸ் இல்லாமலா மீன் ஏத்துறாங்க?"

வாடியில் ஒரு காலை

கல்முனைக்குடிக் கடற்கரையில் மீன் வாங்கி ஏற்றுகிற வாடிகளில் ஐஸ், ஆள் நீளக் கட்டிகளாக வந்து இறங்கும். அதைக் கனத்த மொங்கான் கட்டையால் அடித்து உடைத்துத்தான் குளிர் போகாத வெள்ளை றெஜிபோம் பெட்டியில் மீனுக்கு மேல் போடுவார்கள். ஐஸை இந்த மிசினால் துருவித் தரட்டுமா என்று ஒரு முதலாளியிடம் கேட்டேன். "செஞ்சி காட்டுங்க" என்றார்.

ஆனால் நான் தேய்த்த பிளேட் இனி எதற்கும் உதவாது. புதிதாக இரண்டு செய்ய வேண்டும். பாயிஸிடம் போனேன். "பாயிஸ், இது எப்பிடிச் செய்றெண்டு எனக்குத் தெரியா" என்றேன். அந்தச் சொல்லை நான் கடை திறந்த பிறகு முதல் தடவையாகச் சொன்னேன். வாயில் மீன் முள்ளு மாதிரி நின்று நின்று வந்தது. அவருக்கும் தீட்டத் தெரியாது. ஆனால் போனில் கொரியாக்காரர்கள் போட்டிருந்த வீடியோக்களைத் தேடி எடுத்து, அவர்கள் கதைப்பதை எனக்குச் சொல்லித் தந்தார். மரவேலை செய்கிற ஓடாவி ஒருவரின் உடைந்த சீவுளி அலகில் இரண்டு துண்டு வெட்டினேன். சூடேறாமல் நாலு தரம் தேய்த்தால் ஒரு தரம் தண்ணியில் தோய்த்தேன்.

காலையில் வாடிக்குக் கொண்டுபோனோம். சனம் கூடிவிட்டது. ஜௌபர் எஞ்சினை இழுத்துவிட்டு, ஐஸ் கட்டியின் மேல் திருகை வைத்தார். மிசின் கத்தியது, சுற்றியது, ஆனால் ஒரு துகள் ஐஸ் வரவில்லை. கட்டிதான் ஈரச் சீமெந்துத் தரையில் வழுக்கிக்கொண்டு போய், தராசில் மோத, அங்கே குவித்திருந்த சூரை மீனெல்லாம் தரையில் பரவின. எல்லாரும் சிரித்தார்கள். நான் குந்தியிருந்து மீன் பொறுக்கினேன். முதலாளி சிரிக்காமல் கேட்டார்: "காக்கா, இது ஐஸ உடைக்கக் கொண்டந்ததா, என்ட வாடிய உடைக்கக் கொண்டந்ததா?"

கத்தார்ல படிச்ச கை

பிழை எங்கே என்று பிடிக்க இன்னும் பத்து நாள் போனது. கத்தியைத் தீட்டுவது போல இரண்டு பக்கமும் சரித்திருந்தேன். ஐஸ் பிளேட்டில் வெட்டு வாய் மட்டும்தான் ஐஸைத் தொட வேண்டும். அதற்குப் பின்னால் உள்ள இடம் ஒரு நூலளவு மேலே தூக்கி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வாய் இறங்காமல் வயிறு உரசும். இரண்டு பிளேட்டும் ஒரே அளவாகவும் இருக்க வேண்டும். மூன்றாவது சோடியைப் பூட்டிக்கொண்டு, இந்த முறை சனம் வர முதல், விடியச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு போனோம். கட்டிக்கு அடியில் சாக்குப் போட்டு, இரண்டு பக்கமும் கல் வைத்து இறுக்கினோம். திருகு ஒரு மூச்சில் அடி வரைக்கும் இறங்கியது. துருவிய தேங்காய்ப்பூ மாதிரி ஐஸ் மேலே வந்து குவிந்தது. வாடி முதலாளி அதை ஒரு கை அள்ளிப் பார்த்தார். உடைத்த கட்டி மாதிரி இது மீனைக் காயப்படுத்தாதாம், வயிறு கிழியாதாம். கொழும்புக்கு ஏற்றும் பாரை மீனுக்கு இதைத்தான் போட வேண்டும் என்றார்.

இப்போது ஜௌபர் காலை நேரத்தில் மூன்று வாடிகளுக்கு ஐஸ் துருவிக் கொடுக்கிறார். நின்றபடி செய்கிற வேலை, முதுகு பரவாயில்லையாம். கன்று திரும்பி வரவில்லை. வாங்கினவர் அதைத் தூரத்துக்கு விற்றுவிட்டார். நான் வேறு ஒன்று வாங்கித் தருகிறேன் என்றதற்கு அவருடைய பொஞ்சாதி வேண்டாம் என்றுவிட்டார். அந்த 'வேண்டாம்' என்றதில் மன்னிப்பு இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஆனால் என்னைக் கூடுதலாக வெட்கப்படுத்துவது ஜௌபர்தான். வாடியில் யாராவது, "இந்த பிளேட்டத் தீட்டினது ஆரு?" என்று கேட்டால், நான் பக்கத்தில் நிற்கும்போதே, கண்ணும் சிமிட்டாமல் சொல்வார்: "நம்மட காக்காதான். கத்தார்ல படிச்ச கை."

பெருநாளைக்கு இரண்டு நாள் முதல்

கடைசியாக ஒன்று. போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இரண்டு நாள் முதல், குர்பானுக்கு மாடு அறுக்கிற பெரியவர் ஒருவர், துணியில் சுற்றிய நாலு நீளக் கத்திகளோடு வந்தார். ஒரே இழுப்பில் வெட்ட வேண்டிய கத்தி. மழுங்கல் இருந்தால் பிராணிக்கு வேதனை. அதில் விளையாட்டில்லை. முந்திய நானாக இருந்தால், "வெச்சிட்டுப் போங்க" என்றிருப்பேன். துணியை விரித்துப் பார்த்தேன். ஒரு கத்தியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். திரும்பச் சுற்றி அவர் கையிலேயே கொடுத்தேன்.

"மாமா, இந்தக் கத்திக்கு என்ட கல்லும் காணா, கையும் காணா. எனக்கு இது தெரியா. மருதமுனையில ஒருத்தர் கையாலேயே தீட்டுறார், அவரிட்டக் கொண்டுபோங்க" என்றேன். சொன்னதும் நெஞ்சுக்குள் ஒரு பாரம் இறங்கினது போல இருந்தது. பெரியவர் சந்தோசப்படுவார், நேர்மையான மனிசன் என்று நாலு பேரிடம் சொல்வார் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அவர் போர்டை அண்ணாந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், கத்திகளைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டார். மூன்று பேர் காத்துநிற்கிற கடையில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "கடையத் துறந்து வெச்சிக்கிட்டு, தெரியா எண்டு சொல்ல உங்களுக்கு வெக்கமா இல்லயா?"

தெரியும் என்று சொல்லியும் வெட்கப்பட்டு, தெரியாது என்று சொல்லியும் வெட்கப்பட்டு முடித்தவன் என்ற முறையில், இரண்டாவது வெட்கத்தோடு சோறு இறங்குகிறது என்பதைத் தவிர, இந்தத் தொழிலைப் பற்றி அடித்துச் சொல்ல எனக்கு வேறொன்றும் இல்லை.